அது என் கை இல்லை

மனிதர் குடியிருக்காத ஒரு தீவுக்காகச் சோறு தண்ணீரை மறந்த பெண்பிள்ளை எங்காவது உண்டென்றால், அது இந்த வீட்டு வொய்யெல்தான். வொய்யெல் அவள் பெற்றோர் வைத்த பெயரில்லை. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசும்போது விரல் நோகக் கூடாதென்று எதையும் சுருக்கிவிடுவார்கள். அந்தச் சுருக்கத்தில் ரேடியோ முன்னால் உட்காரும் எந்தப் பெண்ணும் ஒய்.எல்., அதாவது இளம்பெண். எண்பது வயதானாலும் இளம்பெண்தான். எந்த ஆணும் ஓ.எம்., அதாவது கிழவன். மீசை முளைக்காதவனும் கிழவன்தான். இந்த நியாயம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய், கல்யாணமான மறுநாளே கணவனை ஓயெம் ஆக்கிவிட்டாள். மனைவிக்கென்று அந்தப் பாஷையில் 'முன்னாள் இளம்பெண்' என்றொரு தனிக் குறியும் இருக்கிறது. ஓயெம் அதை ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு அவர் வெளியில்தான் சாப்பிட்டார்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். அவர் பல் செட் செய்பவர். வீட்டின் பின்னறையில் பாதி மேஜை அவருடையது. அதில் பிளாஸ்டர் அச்சுகளில் பதிந்த பற்கள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் ரேடியோ. மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் நடுவே ஒரே ஒரு ஆன்டெனாக் கம்பி. இருவருக்கும் லைசென்ஸ் உண்டு, பெயருக்குப் பதிலாகத் தட்ட ஆளுக்கொரு அழைப்புக்குறி உண்டு. ரேடியோ மட்டும் ஒன்றுதான், அதுவும் ராத்திரி விளக்கு பல்பு எரிகிற அளவுக்குத்தான் அதற்குச் சக்தி.

அந்த ராத்திரி விளக்குச் சக்தியை வைத்துக்கொண்டுதான் வொய்யெல் உலகத்தையே வளைத்திருந்தாள். ரேடியோக்காரர்கள் கணக்கில் நாடென்றும் தீவென்றும் எத்தனை இடம் உண்டோ அத்தனை இடத்தோடும், சொந்தக் கையால் தட்டிப் பேசியாகிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று. வீட்டில் அதற்குப் பறவைத் தீவு என்று பெயர், ஏனென்றால் அங்கே பறவையையும் அதன் எச்சத்தையும் தவிர வேறெதுவும் கிடையாது. யாரையும் அங்கே இறங்க விடுவதில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த பிறகு இப்போதுதான் ஒரு குழு அனுமதி வாங்கி, கூடாரம் போட்டு, ரேடியோவைத் திறந்திருந்தது. இன்றைக்குச் சாயங்காலம் படகு வந்துவிடும். இனிமேல் இன்னொரு குழுவை விடுவார்களோ மாட்டார்களோ, விட்டாலும் அப்போது இவள் காது கேட்குமோ கேட்காதோ.

குழு வந்த முதல் நாளே ஓயெம் தீவைப் பிடித்துவிட்டார் என்பதுதான் இதில் பெரிய வயிற்றெரிச்சல். மெழுகு காய்கிற நேரத்தில் சும்மா வந்து உட்கார்ந்தார், இரண்டு தடவை தட்டினார், தீவு அவரை எடுத்துக்கொண்டது. "அட, கெடச்சிடுச்சு போல இருக்கே" என்று தலையைச் சொறிந்துகொண்டே மறுபடி பல்லுக்குப் போய்விட்டார். வொய்யெல்லோ அன்றிலிருந்து தலைகீழாக நின்று பார்க்கிறாள்.

தீவில் மோர்ஸ் தட்டும் கீயைப் பிடித்திருப்பவன் ஒருவன், அவனைக் கூப்பிடுகிறவர்கள் உலகம் முழுக்க. சினிமா கொட்டகையில் ஒரே டிக்கெட் ஜன்னல் திறந்தால் என்ன நடக்குமோ அதேதான். அதனால் அவன் ஓர் அலைவரிசையில் பேசுவான், கூட்டத்தை அதற்குச் சற்று மேலே கூப்பிடச் சொல்லுவான். ஒவ்வொரு முறையும் கடைசியில் 'அப்' என்று தட்டுவான். மேலே வா என்று அர்த்தம். மேலே போய்க் கேட்டால் ஒரே கும்மாளம், எந்தப் புள்ளி யாருடையது, எந்தக் கோடு யாருடையது என்று பிரம்மனுக்கும் தெரியாது. அந்தச் சத்தத்திலிருந்து அவன் ஒரு குறியைப் பொறுக்கி எடுத்துத் திருப்பித் தட்டி, கூடவே 'ஃபைவ் நைன் நைன்' என்பான். நன்றாகக் கேட்கிறது என்று பொருள். கேட்காதவனுக்கும் அதேதான் சொல்லுவார்கள், அது ஒரு மரியாதை. கூப்பிட்டவரும் அதையே திருப்பித் தட்ட வேண்டும், அவன் நன்றி சொல்ல வேண்டும், பெயர் தீவின் பதிவில் ஏறிவிடும். அவ்வளவுதான் சமாச்சாரம். இந்த அவ்வளவுக்குத்தான் உயிரை விடுகிறார்கள்.

கடைசி நாளென்று வொய்யெல் லீவு போட்டிருந்தாள். காலையிலிருந்து தட்டித் தட்டி விரல் மரத்துப்போயிருந்தது. மதியம் தீவின் சத்தம் திடீரென்று ஏறியது. அறைக்குள் உட்கார்ந்து பேசுவது போல அத்தனை தெளிவு. அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதோ இப்போது, இதோ இப்போது என்று கீயில் கை வைத்த நேரம் பார்த்து போன் அடித்தது.

ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் மாடிக்கும் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஆட்கள். மற்ற மெக்கானிக்குகள் ஊரின் அந்தக் கோடியில். கம்பெனிக்காரர் லீவில் இருப்பவளைக் கூப்பிட மனசில்லாமல் இழுத்து இழுத்துப் பேசினார்.

"உள்ள யாரு சார்?" என்றாள் வொய்யெல்.

"ஒரு தபால்காரர், ஒரு பிளம்பர். பிளம்பருக்கு மூச்சு முட்டுதாம்."

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். மேஜையின் அந்தப் பாதியில் கீழ்ப்பல் வரிசைக்கு ஈறு வைத்துக்கொண்டிருந்த ஓயெம் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பவா?"

"மனுஷங்க மாட்டியிருக்காங்கங்க. தீவு எங்க போயிடப் போகுது." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது, தீவு எங்கே போகுமென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பையில் கருவிகளோடு பாக்கெட் ரேடியோவையும் போட்டுக்கொண்டாள். அதில் கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. கம்பெனி வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது, அவளைக் கட்டடத்தில் இறக்கிவிட்டு வேறு வேலைக்குப் பறந்தது.

மொட்டை மாடியில் இருந்த லிஃப்ட் மெஷின் அறையில் கிரீஸ் வாசனையும் புறா இறகும். முதலில் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டாள். பிறகு இன்டர்காமில் உள்ளே இருப்பவர்களிடம் பேசினாள். "பயப்படாதீங்க, இப்ப மெதுவா அசையும், கதவுல சாயாம நில்லுங்க." தபால்காரர் சரியென்றார். பிளம்பர் ஏதேதோ சாமியைக் கூப்பிட்டார். பாக்கெட் ரேடியோவின் கம்பியை ஜன்னல் கிராதியில் மாட்டி, இயர்போனை ஒரு காதில் சொருகிக்கொண்டு, பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்தாள். காதில் தீவு கடகடவென்று யார் யாரையோ எடுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அது கேட்டது. அவளுடைய அழைப்புக்குறி.

சக்கரம் அவள் கையிலேயே நின்றது. தீவு அவள் குறியை முழுசாக, ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டி, ஃபைவ் நைன் நைன் என்றது. சிறிது இடைவெளி, யாரோ பதில் தட்டுகிற நேரம். பிறகு நன்றி, அப். அடுத்த ஆள்.

பொய் சொல்வானேன், ஒரு நொடி மனசு எகிறிக் குதித்தது. ஏறிவிட்டது! இத்தனை வருஷம் பார்த்த வழி, பறவைத் தீவின் பதிவில் தன் பெயர்! மறு நொடிதான் இரண்டு கையிலும் கிரீஸோடு மெஷின் அறையில் நிற்கிறோம் என்பது உறைத்தது. அப்படியானால் அங்கே கீயில் உட்கார்ந்திருப்பது யார்? இதைக் கண்டுபிடிக்கப் போலீஸ் நாய் தேவையில்லை.

"மேடம், நின்னுடுச்சு" என்றார் இன்டர்காமில் தபால்காரர்.

"நிக்கலைங்க, நான்தான் நின்னுட்டேன்" என்று மறுபடி சுற்றினாள். பெட்டி தளத்துக்கு நேராக வந்ததும் பிரேக்கை இறுக்கி, கீழே ஓடிப்போய்ச் சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். பிளம்பர் அவள் காலில் விழாத குறை. தபால்காரர் கடிதக் கட்டைக்கூட கீழே வைக்காமல் கம்பீரமாக வெளியே வந்தார். கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு பெரிய சட்டைப் பொத்தான் சிக்கியிருந்தது, அதனால்தான் கதவு முழுசாக மூடாமல் லிஃப்ட் பயந்துபோய் நின்றிருக்கிறது. பொத்தானை எடுத்தாள், கதவைப் பலமுறை ஓடவிட்டுச் சரிபார்த்தாள், மெயினைப் போட்டாள். அவசரம் தலைக்கேறியிருந்தாலும் இதில் எதையும் அவள் விடவில்லை.

வேன் இல்லை. அவள் நாத்தனாருக்குப் போன் போட்டாள். ஓயெமின் தங்கை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள், பயிற்சிக் கார் எப்போதும் பக்கத்துத் தெரு எதிலாவது ஊர்ந்துகொண்டிருக்கும். வந்தாள். வந்தவள் முதலில் செய்த காரியம், அண்ணி சீட் பெல்ட் போட்டாளா என்று பார்த்ததுதான்.

"சீக்கிரம் போம்மா. படகு வந்துடும்."

"எந்தப் படகு?"

வொய்யெல் நடந்ததைச் சொன்னாள். நாத்தனாருக்குப் புள்ளியும் தெரியாது கோடும் தெரியாது. ஆனால் அண்ணன் அண்ணிக்காக ஏதோ நல்லது செய்திருக்கிறான் என்று மட்டும் புரிந்தது. ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாள்.

"கிடைச்சிடுச்சுல்ல அண்ணி? அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

"நான் தட்டலையே."

"யாரு தட்டினா என்ன? பேரு உங்க பேருதானே."

"கை அவரோடது."

"வீட்டுக்குள்ள உங்க கை எங்க கைன்னு உண்டா?"

சிக்னல் விளக்கு மஞ்சளானது. கடந்திருக்கலாம், தாராளமாகக் கடந்திருக்கலாம். நாத்தனார் நிதானமாகக் கோட்டுக்குப் பின்னால் காரை நிறுத்தினாள். பின்னால் ஒருவன் ஹாரனில் படுத்தே விட்டான். அவள் சட்டை செய்யவில்லை. வொய்யெல்லுக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஆனாலும் கேட்டாள்.

"உன்கிட்ட கத்துக்கிற ஆளு யாருக்காவது பதிலா நீயே போய் டெஸ்ட் ஓட்டிக் குடுப்பியா?"

"அது எப்படி அண்ணி? ஓட்டினவங்களுக்குத்தானே லைசென்ஸ்?"

சொன்ன பிறகுதான் நாத்தனாருக்குத் தான் எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது. விளக்கு பச்சையானதும், விதிக்குள் எவ்வளவு வேகம் போகலாமோ அவ்வளவும் போனாள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், வழி நெடுக வொய்யெல்லின் மனசும் சும்மா இருக்கவில்லை. விட்டுவிடேன் என்றது. யாருக்குத் தெரியும்? தீவுக்காரனுக்குத் தெரியாது, உலகத்துக்குத் தெரியாது. நாளைக்குத் தீவின் படம் போட்ட அட்டை தபாலில் வரும், அதில் உன் குறி அச்சாகியிருக்கும், ஒரு இடமும் பாக்கியில்லாத ஆளென்று ஊருலகம் சொல்லும். அழிக்கச் சொன்னால் இதுவும் போய், நேரமும் போய், அம்போவென்று நிற்பாய். இதைக் கேட்கக் கேட்க அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்த அட்டையைச் சுவரில் மாட்டினால் தினம் அதைப் பார்க்க வேண்டியவள் அவள்தான். மற்ற எல்லா அட்டைகளும் அதன் பக்கத்தில் பொய்யாகத் தெரியாதா?

வீட்டில் ஓயெம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் பல், அவர் செய்த பல் இல்லை, சொந்தப் பல். கையில் பிளாஸ்டர் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"கண்ண மூடு" என்றார்.

"கேட்டுட்டேங்க."

"என்னது?"

"மெஷின் ரூம்லயே கேட்டுட்டேன். என் குறிய ஏன் தட்டினீங்க?"

அவர் முகம் விழுந்தது. "உனக்காகத்தான்... நீ போனதும் சத்தம் அப்படி ஏறிச்சு. இப்ப விட்டா கிடையாதுன்னு தோணிச்சு. எனக்கு முதல் நாளே கெடச்சதுலேர்ந்து சோறே இறங்கல, தெரியுமா? நீ படற பாட்டப் பாத்துப் பாத்து..."

அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்ததால்தான் கோபம் முழுசாக வரவில்லை. "நல்ல மனசுதாங்க உங்களுக்கு. ஆனா அது என் கை இல்ல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள். கிரீஸைத் துடைக்கவும் நேரமில்லை.

ஹெட்போனை மாட்டினாள். தீவு இருந்தது! மதியம் மாதிரி இல்லை, சத்தம் இறங்கியிருந்தது, ஆனால் இருந்தது. அதோடு ஒரு புது வார்த்தையும் சேர்ந்திருந்தது. கியூ.ஆர்.டி. கடையைக் கட்டப் போகிறோம் என்று பொருள். படகு கரைக்கு வந்தாயிற்று. அவ்வளவுதான், கும்பலுக்கு வெறி பிடித்துவிட்டது. மேலே போய்க் கேட்டால் புள்ளியும் கோடும் ஒன்றாக அரைபடுகிற சத்தம்.

அவள் கூப்பிட்டாள். இல்லை. கூப்பிட்டாள். இல்லை. தீவுக்காரன் கடைசியாக யாரை எடுத்தான் என்று தேடி, அந்த இடத்திலிருந்து ஒரு நூல் தள்ளி உட்கார்ந்து கூப்பிட்டாள். இல்லை. ஓயெம் பின்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்து ஹெட்போனின் வெளிப்பக்கம் காதை வைத்துக்கொண்டார். நாத்தனார் காரை ஒழுங்காகப் பார்க் செய்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். வொய்யெல் மறுபடி கூப்பிட்டாள்.

தீவு அவள் குறியைத் தட்டியது.

ஆனால் குறிக்குப் பின்னால் ஃபைவ் நைன் நைன் வரவில்லை. 'பி ஃபோர்' வந்தது. உன்னோடுதான் முன்பே பேசியாயிற்றே என்று அர்த்தம். நன்றி, அப், அடுத்த ஆள். பதிவில் ஏறியவர் மறுபடி வரிசையில் நிற்பது ரேடியோக்காரர்களுக்குள் அசிங்கமான காரியம். விருந்தில் இரண்டாம் பந்தியிலும் உட்காருகிற ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். வொய்யெல்லுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"விட்டுடும்மா" என்றார் ஓயெம். "அவங்க பதிவுல நீ இருக்க. போதும்."

அவள் விடவில்லை. வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். தன் முறை இல்லாதபோது, அடுத்தவன் பேசுகிற இடைவெளியில் புகுந்தாள். இல்லை, இல்லை என்று தட்டினாள். தன் குறியைத் தட்டினாள். இல்லை.

பக்கத்து அலைவரிசையிலிருந்து யாரோ 'லிட்' என்று அவளைத் திட்டினார்கள். துப்புக்கெட்ட ஆள் என்று பொருள். ரேடியோக்காரர்களிடம் இதைவிடப் பெரிய வசவு இல்லை. இன்னொருவரும் திட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அதையே தட்டினாள். இல்லை.

தீவு நின்றது. ஒரு கேள்விக்குறி மட்டும் தட்டியது. பிறகு அவள் குறியைத் தட்டி, கூட்டத்துக்குக் கியூ.ஆர்.எக்ஸ். என்றது. எல்லோரும் பொறுங்கள்.

அவள் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தும் நகத்தால் கிள்ளி எடுக்கிற மாதிரித் தட்டினாள். முன்பு பேசியது நான் இல்லை. என் ஓ.எம். தட்டினார். நான் ஒய்.எல். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள்.

"பைத்தியமா உனக்கு?" ஓயெம் நிஜமாகவே தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளைப் பிளாஸ்டர் முடியில் அப்பியது. "முதல்ல உன் தொடர்ப எடுத்துக்க, அப்புறம் அழிக்கச் சொல்லு. அவன் இப்ப போயிட்டா ரெண்டும் இல்லாம போயிடும்."

"அது இருக்கிறப்ப இது எப்படிங்க வரும்" என்றாள் அவள்.

தீவில் அமைதி. எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு மனுஷி மூன்று தடவை செத்துப் பிழைக்கிற நேரம். பிறகு 'ஹை ஹை' என்று வந்தது. மோர்ஸில் அதுதான் சிரிப்பு. அதன் பின்னால் அவன் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, விவரத்தைச் சுருக்கிச் சுருக்கித் தட்டினான். இந்த ஒய்.எல். சொல்கிறார், முன்பு பேசியது அவர் இல்லையாம், வீட்டுக் கிழவனாம். அழிக்கச் சொல்கிறார். அழித்துவிட்டேன். அந்தக் கை ஞாபகமிருக்கிறது, படு மோசமான கை. ஹை ஹை.

"இத உலகத்துக்கே சொல்லணுமா?" என்றார் ஓயெம்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் கதவோரத்திலிருந்து நாத்தனார்.

"உங்கண்ணன் கை மோசமாம்."

"அது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியுமே."

வொய்யெல்லால் சிரிக்க முடியவில்லை. இப்போது அவள் பெயர் எங்குமே இல்லை. காலையில் எழுந்தபோது எப்படி இருந்தாளோ அப்படி, பறவைத் தீவு பாக்கியுள்ள ஆளாக, வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். தீவின் சத்தம் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அவன் அவளைத் தனியாகக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டான், அது நியாயமில்லை. எல்லோருக்கும் பொதுவாகக் கியூ.ஆர்.இசட். என்று கேட்டான். யார் கூப்பிடுகிறீர்கள்? கடைசித் தடவை. அப்.

அவள் கீயை அழுத்தப் போனாள். ஏதோ சரியில்லை. மேலே சத்தமே இல்லை.

ஹெட்போன் கழன்றுவிட்டதோ என்று பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. ஆன்டெனாக் கம்பி அறுந்துவிட்டதோ? அறுந்திருந்தால் தீவு எப்படிக் கேட்டது? குமிழைத் திருப்பி மேலே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனாள். இவ்வளவு நேரம் ஊசி குத்த இடமில்லாமல் கத்திக்கொண்டிருந்த அந்த இடம் முழுக்கத் துடைத்துவிட்டது போல இருந்தது. இரைச்சல் மட்டும் மெல்ல ஓடியது. ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. அவளைத் திட்டியவர்கள்கூட இல்லை.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்றார் ஓயெம்.

"போகலைங்க" என்றாள். குரல் உடைந்தது. "கை எடுத்துட்டு உக்காந்திருக்காங்க."

உலகம் முழுக்க, எத்தனையோ அறைகளில், கடைசி வாய்ப்பையும் கையில் வைத்துக்கொண்டு, தீவு வேண்டுமென்று உயிரை விட்டவர்கள் எல்லோரும் கீயைத் தொடாமல் காத்திருந்தார்கள். அவளுக்கு அவர்கள் ஒருவரையும் தெரியாது.

அவள் தன் குறியைத் தட்டினாள். ஒரே ஒரு தடவை. ராத்திரி விளக்குச் சக்தி, அதற்கு வழிவிட்டு நிற்கிற ஆகாயம்.

அவள் குறி திரும்பி வந்தது. ஃபைவ் நைன் நைன்.

அவளும் தட்டினாள். ஃபைவ் நைன் நைன். நன்றி.

நன்றி ஒய்.எல். என்றது தீவு. அது நல்ல கை என்றும் சேர்த்துச் சொன்னது. பிறகு எல்லோருக்கும் கியூ.ஆர்.டி. சொல்லி, போய் வருகிறோம் என்பதற்கு ரேடியோக்காரர்கள் கடைசியில் தட்டும் இரண்டு புள்ளிகளைத் தட்டியது.

அதற்குப் பதில் புள்ளிகள் வர ஆரம்பித்தன. இரண்டு இங்கே, இரண்டு அங்கே, ஒன்று தடித்த சத்தத்தில், ஒன்று எறும்பு மாதிரி. மேலிருந்து கீழ்வரை எல்லா இடத்திலும் இரண்டிரண்டாக விழுந்துகொண்டே இருந்தன. அவள் ஹெட்போனைக் கழற்றி ஒரு பக்கத்தை ஓயெமின் காதில் வைத்தாள், மறுபக்கத்தைத் தன் காதோடு அழுத்திக்கொண்டாள். இருவர் தலையும் முட்டிக்கொண்டன. அவர் மூச்சுவிடாமல் கேட்டார்.

"நான் செஞ்சது தப்புதான்" என்றார் மெதுவாக.

"தப்புதாங்க."

"அழறியா?"

"ஆமாங்க, அழறேன்" என்று சொல்லிவிட்டு, கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் தன் இரண்டு புள்ளிகளைத் தட்டினாள்.